கனடாவா, குவாதலூப்பா? 1760-இல் லண்டனில் நடந்த சிறுநூல் போர்

ஏடகம்:

1759-ஆம் ஆண்டில் பிரித்தானியர் பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து இரண்டு முக்கியமான இடங்களைக் கைப்பற்றினார்கள். மே மாதத் தொடக்கத்தில் கரீபியக் கடலிலுள்ள குவாதலூப் தீவு பணிந்தது. செப்டம்பரில் கனடாவின் கியூபெக் நகரம் வீழ்ந்தது. மொன்றியால் சரணடைய இன்னும் ஓராண்டு இருந்தது, ஏழாண்டுப் போரும் முடிந்தபாடில்லை. ஆனாலும் சமாதானம் பேசும் நாள் வந்தால் எதை வைத்துக்கொள்வது, எதைத் திருப்பிக் கொடுப்பது என்ற வழக்கு லண்டன் அச்சுக்கூடங்களில் அப்போதே தொடங்கிவிட்டது.

முதல் அடியை எடுத்துவைத்தது பிட், நியூகாசில் என்ற இரு அமைச்சர்களை விளித்து எழுதப்பட்ட 'இரு பெருமக்களுக்கு ஒரு கடிதம்' என்ற சிறுநூல். ஆசிரியர் பெயர் அதில் இல்லை. பின்னாளில் சாலிஸ்பரி பிஷப்பாக உயர்ந்த ஜான் டக்ளஸ் எழுதியது என்று கருதப்படுகிறது. பிரெஞ்சு அரசு கையெழுத்திடும் எந்த உடன்படிக்கையையும் நம்ப முடியாது, கனடா அவர்கள் கையில் இருக்கும்வரை அமெரிக்கக் குடியேற்றங்களுக்கு நிம்மதி இல்லை, ஆகவே மற்றதில் விட்டுக்கொடுத்தாலும் கனடாவில் விட்டுக்கொடுக்கக் கூடாது என்பது அதன் சாரம். அதற்கு மறுப்பாக 1760-இன் தொடக்கத்தில் 'குறிப்புகள்' வெளிவந்தது. எழுதியவர் அரசியல் சிந்தனையாளர் எட்மண்ட் பர்க்கின் நெருங்கிய நண்பரும், உறவினர் என்று கொள்ளப்பட்டவருமான வில்லியம் பர்க் என்பது பொதுவான கருத்து. கனடாவைக் கைப்பற்றுவதற்காக நாம் போருக்குப் போகவில்லை. அங்கே விளைவது விலங்குத் தோலைத் தவிர வேறொன்றுமில்லை. குவாதலூப்போ சர்க்கரை விளையும் மண் என்றார் அவர். ஏப்ரல் 1760-இல், அப்போது லண்டனில் இருந்த பெஞ்சமின் பிராங்கிளின், தம் பெயரைப் போடாமலே, கனடாவின் பக்கம் நின்று ஒரு நீண்ட பதிலை வெளியிட்டார். அவருக்கு வழக்கறிஞர் ரிச்சர்ட் ஜாக்சனின் உதவி இருந்தது.

பொதுவான வரலாற்று நூல்கள் இந்த வழக்கைச் சர்க்கரைக்கும் பனிக்கும் இடையிலான தேர்வாகச் சுருக்கிவிடுகின்றன. கனடாவை ஒருசில ஏக்கர் பனி என்று பிரெஞ்சு எழுத்தாளர் வால்ட்டேர் எள்ளியதும் அதே 1759-இல்தான் என்பதால் அந்தச் சுருக்கம் எளிதில் மனத்தில் ஒட்டிக்கொள்கிறது. என் கருத்தில் உண்மையான வழக்கு மண்ணைப் பற்றியதே அன்று. குடியேற்றம் என்பது எதற்காக, பொருளை விளைவித்து அனுப்புவதற்கா, மக்களைப் பெருக்கித் தாய்நாட்டின் சரக்கை வாங்குவதற்கா என்பதுதான் கேள்வி. நண்பர்கள் இதை எப்படிப் பார்க்கிறார்கள் என்று அறிய விரும்புகிறேன்.

கடல்வழி:

அந்த வேறுபாட்டை ஏற்கிறேன். ஆனால் சர்க்கரையை அவ்வளவு விரைவாகக் கடந்துபோக வேண்டாம். அன்றைய வணிகக் கணக்கில் சர்க்கரைத் தீவுகளின் எடை நாம் இன்று வரைபடத்தைப் பார்த்து ஊகிப்பதைவிடப் பன்மடங்கு பெரியது. கனடாவின் பிரெஞ்சு மக்கள்தொகை அறுபது எழுபதாயிரம்தான். ஏற்றுமதி என்று சொல்லத்தக்கது தொப்பி செய்யப் பயன்பட்ட பீவர் என்ற நீர்வாழ் விலங்கின் தோல் முதலியவை மட்டுமே. குவாதலூப்பிலோ சர்க்கரை, காப்பி, பருத்தி மூன்றும் இருந்தன. பிரித்தானியர் அத்தீவை வைத்திருந்த நான்கு ஆண்டுகளில் லிவர்பூல் முதலிய துறைமுகங்களின் கப்பல்கள் ஆயிரக்கணக்கான ஆப்பிரிக்கர்களை அடிமைகளாகக் கொண்டுவந்து அங்கே விற்றன. அவர்களுடைய உழைப்பில் உற்பத்தி பெருகியது. அந்தச் சரக்கு லண்டன் சந்தைக்கு வந்து குவிந்தது.

வில்லியம் பர்க்கின் வாதம் இந்த ஓட்டத்தை அப்படியே பின்தொடர்கிறது. தீவிலிருந்து வரும் ஒவ்வொரு பீப்பாய்க்கும் சுங்கம் உண்டு, கப்பல் கூலி உண்டு, மீதியை ஐரோப்பாவுக்கு மறு ஏற்றுமதி செய்யும் இலாபமும் உண்டு. தீவில் வாழ்பவர்கள் உணவையும் மரத்தையும் வட அமெரிக்காவிலிருந்தும், துணியையும் இரும்புச் சாமான்களையும் இங்கிலாந்திலிருந்தும் வாங்கியாக வேண்டும். போதாக்குறைக்கு, நியூ இங்கிலாந்து வணிகர்கள் ரம் வடிக்கத் தேவையான சர்க்கரைப் பாகைப் பிரெஞ்சுத் தீவுகளிலிருந்தே கடத்தி வந்தார்கள். அதைத் தடுக்கக் கேலனுக்கு 6 பென்ஸ் வரி விதித்த 1733-ஆம் ஆண்டுச் சட்டம் ஏட்டில் மட்டுமே இருந்தது. குவாதலூப்பையே எடுத்துக்கொண்டால் அந்தக் கள்ளக்கடத்தலின் ஒரு பகுதி நேர்வணிகம் ஆகிவிடும். இவ்வளவையும் வைத்துப் பார்த்தால் கனடாவைக் கேட்டவர்கள்தாம் தங்கள் கட்சியை நிறுவக் கடமைப்பட்டவர்கள்.

யாழ்வாசகி:

இருவரும் வாதங்களை மட்டும் நிறுத்துப் பார்க்கிறீர்கள்; வாதிட்டவர்களின் நிலையையும் பார்க்க வேண்டாமா? வில்லியம் பர்க் குவாதலூப் நிர்வாகத்தில் செயலாளராகவும் பதிவாளராகவும் பதவி பெற்றவர். தீவு பிரான்சுக்குத் திரும்பினால் அந்தப் பதவியும் போய்விடும். டக்ளஸ் பாத் பிரபுவின் ஆதரவில் வாழ்ந்தவர். பிராங்கிளின் 1757 முதல் பென்சில்வேனியச் சட்டமன்றத்தின் முகவராக லண்டனில் தங்கியிருந்தவர். அந்த மாகாணத்தின் மேற்கு எல்லைதான் பிரெஞ்சுக்காரர்களும் அவர்களுடைய பூர்வகுடி நட்பினரும் நடத்திய தாக்குதலில் எரிந்துகொண்டிருந்தது. இம்மூவரும் பிரித்தானியாவின் நலன் என்று எழுதும்போது ஒவ்வொருவரும் தத்தம் வீட்டு வாசலிலிருந்தே அந்த நலனைப் பார்க்கிறார்கள். பெயர் போடாமல் எழுதும் வழக்கம் இந்த உள்நோக்கங்களை மறைப்பதற்கு வசதியாக இருந்தது என்றே எனக்குத் தோன்றுகிறது.

ஏடகம்:

வாசகி அவர்கள் சொன்னது சரி. ஆனால் ஆதாயம் உள்ளவன் சொன்னது என்பதாலேயே ஒரு வாதம் பொய்யாகிவிடாது. பெயரின்மை இன்னொரு வேலையையும் செய்தது. பிராங்கிளின் தம் பெயரில் எழுதியிருந்தால் அது அமெரிக்கன் ஒருவனின் மனுவாகத்தான் படிக்கப்பட்டிருக்கும். பெயரில்லாமல் எழுதியதால் ஓர் ஆங்கிலேயக் கனவான் இன்னொரு கனவானோடு பேசும் தொனி கிடைத்தது. அவரும் அந்தத் தொனியைக் கடைசிவரை மிகுந்த மரியாதையோடு காக்கிறார்; எதிர்தரப்பாரைப் புகழ்ந்துகொண்டே அவருடைய காலடி மண்ணை அகழ்கிறார்.

அவருடைய வாதத்தின் அடிப்படை மக்கள்தொகை. அமெரிக்காவில் நிலம் மலிவு, ஆகவே திருமணம் சீக்கிரம் நடக்கிறது, குடும்பங்கள் பெருகுகின்றன. இருபத்தைந்து ஆண்டுகளில், சில இடங்களில் அதற்கும் முன்பே, மக்கள்தொகை இரட்டிப்பாகிறது. உழுவதற்கு நிலம் கிடைக்கும்வரை யாரும் தொழிற்சாலைக் கூலிக்குப் போகமாட்டான். ஆகவே குடியேற்றங்கள் ஆலைத்தொழிலில் இங்கிலாந்தோடு போட்டியிடா, மாறாக அதன் சரக்கை வாங்கிக்கொண்டே இருக்கும். இதற்குச் சான்றாகச் சுங்கக் கணக்கையே எடுத்துவைக்கிறார். இங்கிலாந்திலிருந்து பென்சில்வேனியாவுக்குச் சென்ற சரக்கின் மதிப்பு 1723-இல் ஏறத்தாழ 16,000 பவுன். 1757-இல் 2,68,000 பவுனுக்கும் மேல். சர்க்கரைத் தீவு எவ்வளவு செழித்தாலும் கரும்பு நடும் நிலம் தீர்ந்ததும் அதன் வளர்ச்சி நின்றுவிடும். அங்கே உழைப்பவர்கள் அடிமைகள், அவர்களால் எதையும் வாங்க முடியாது. கடல்வழி அவர்கள் தந்த சர்க்கரைக் கணக்கு அந்த ஆண்டின் கணக்கு. பிராங்கிளின் தம் பேரன்மார் காலத்துக் கணக்கைப் போட்டார்.

கனடாவைத் திருப்பிக் கொடுத்தால் அமெரிக்கர்களின் பெருக்கம் கட்டுக்குள் நிற்கும் என்ற வாதத்துக்கு அவர் கொடுத்த பதில் அந்தக் காலத்து அங்கதத்தின் உச்சம். எல்லைப்புறத்தில் தாயும் பிள்ளையும் வெட்டுண்டு சாவதை நம்பி மக்கள்தொகையைக் குறைப்பதைவிட, குடியேற்றங்களின் மருத்துவச்சிகள் மூன்று அல்லது நான்கு குழந்தைகளுக்கு ஒன்றைப் பிறக்கும்போதே மூச்சுத்திணறச் செய்ய வேண்டும் என்று நாடாளுமன்றம் சட்டம் இயற்றிவிடலாமே என்கிறார். எகிப்திய மன்னனின் ஆணையை நினைவூட்டும் அந்தப் பத்தியை இன்று படித்தாலும் கை நடுங்கும்.

மலைநாடன்:

கைதட்டல் எல்லாம் பிராங்கிளினுக்கே போகிறது. வரலாறு யார் பக்கம் தீர்ப்பளித்தது என்று பார்ப்போம். வில்லியம் பர்க்கின் சிறுநூலில் சர்க்கரை முன்பக்கத்துச் சரக்கு. அதன் உள்ளே இருந்தது வேறோர் எச்சரிக்கை: நம்மைச் சற்று அச்சத்தில் வைத்திருக்கும் அண்டைவீட்டான் எப்போதும் கெட்ட அண்டைவீட்டான் அல்லன். பிரெஞ்சுக்காரன் பின்னால் நிற்கும்வரை அமெரிக்கன் லண்டனை நாடுவான். அவனை அகற்றிவிட்டால் உள்நாட்டில் எல்லையின்றிப் பரவி, இங்கிலாந்தோடு தொடர்பு குறைந்து, எண்ணிக்கையிலும் துணிவிலும் வலுத்த ஒரு தனி மக்களாகிவிடுவான் என்று அவர் எழுதினார்.

இது அவர் ஒருவரின் ஐயம் மட்டுமன்று. 1761 மே மாதம் பெட்ஃபோர்டு கோமகன் நியூகாசிலுக்கு எழுதிய கடிதத்தில், வடக்குக் குடியேற்றங்கள் தாய்நாட்டைச் சார்ந்திருப்பதற்குப் பிரெஞ்சு அண்டைவீடே பெரிய காப்பாக இருக்கலாம் என்று இதே கருத்தைச் சொன்னார். அந்தப் பெட்ஃபோர்டுதான் அடுத்த ஆண்டு பாரிசில் சமாதானம் பேசச் சென்றவர் என்பது விந்தை. 1763-இல் உடன்படிக்கை, 1765-இல் முத்திரைவரிக் கலகம், 1776-இல் விடுதலைப் பிரகடனம். பதின்மூன்றே ஆண்டுகளில் பர்க்கின் சொல் பலித்துவிட்டது. பதினான்கு தனித்தனி அரசுகள், அவை ஒன்றுசேரவே முடியாது என்று உறுதியளித்த பிராங்கிளினோ அந்தப் பிரகடனத்திலேயே கையெழுத்திட்டார்.

சுவடிப்பித்தன்:

மலைநாடன் அவர்களின் சுவை புரிகிறது; ஆனால் பிராங்கிளின் எழுதிய வாக்கியத்தைப் பாதியில் வெட்டிவிட்டார். பிரெஞ்சுக்காரர்களும் பூர்வகுடிகளும் தங்கள் ஊர்களை எரித்தபோதுகூட ஒன்றுசேராத குடியேற்றங்கள் தங்கள் தாய்நாட்டுக்கு எதிராகச் சேருமா என்று அவர் கேட்டார். கேட்க அவருக்கு உரிமையும் இருந்தது. 1754-இல் ஆல்பனியில் கூடிய குடியேற்றங்களின் மாநாட்டில் அவர் வரைந்த ஒன்றியத் திட்டத்தை ஒரு சட்டமன்றம்கூட ஏற்கவில்லை. ஆனால் உடனே ஒரு நிபந்தனையைச் சேர்க்கிறார்: அத்தகைய ஒன்றியம் முடியாது என்று நான் சொல்வது, மிகக் கொடிய ஒடுக்குமுறை இல்லாதவரை என்ற பொருளில்தான். காற்று எழாமல் அலை எழுவதில்லை என்றும் எழுதுகிறார். 1776-இல் அவர் எடுத்த நிலை, 1760-இல் எழுதிய இந்த நிபந்தனைக்கு முரணானதன்று.

பர்க்கைத் தீர்க்கதரிசி ஆக்குவதிலும் எனக்குத் தயக்கம் உண்டு. ஸ்வீடன் நாட்டு இயற்கையியலாளர் பேர் கால்ம் 1748-இல் அமெரிக்காவில் பயணம் செய்தபோதே, முப்பது முதல் ஐம்பது ஆண்டுகளுக்குள் இந்தக் குடியேற்றங்கள் தனிநாடாகலாம் என்ற பேச்சைக் கேட்டுக் குறித்திருக்கிறார்; அவற்றை அடக்கி வைப்பது பிரெஞ்சு அண்டைநாடே என்றும் எழுதியிருக்கிறார். அதாவது இது காற்றில் இருந்த பேச்சு. பேச்சு பலித்தது என்பதால் அது சொன்ன காரணமே மெய்க்காரணம் ஆகிவிடாது. போரினால் பிரித்தானியாவின் தேசியக் கடன் ஏறத்தாழ இரட்டிப்பானது. அமெரிக்காவில் சமாதானக் காலத்திலும் ஏறத்தாழ 10,000 வீரர்களை நிறுத்தத் தீர்மானித்தார்கள். அந்தச் செலவில் ஒரு பங்கை ஈடுகட்ட 1764-இல் சர்க்கரைச் சட்டமும் 1765-இல் முத்திரைச் சட்டமும் வந்தன. பிரெஞ்சு அச்சம் நீங்கியது எதிர்ப்புக்குத் துணிவு தந்திருக்கலாம். எதிர்க்க வேண்டிய பொருளைத் தந்தது வரி.

மலைநாடன்:

அந்தப் படையும் வரியும் எதனால் வந்தன? புதிதாகப் பெற்ற பரந்த நிலத்தைக் காக்க வேண்டியிருந்ததால்தானே? குவாதலூப்பைக் காக்கக் கடற்படை போதும். அது எப்படியும் இருக்கிறது. ஆகவே உங்கள் காரணமும் சுற்றிவந்து கனடாவின் வாசலில்தான் நிற்கிறது.

சுவடிப்பித்தன்:

அந்த அளவுக்கு ஒப்புக்கொள்கிறேன். எனினும் கனடா பிரான்சிடமே இருந்திருந்தால் அந்த எல்லைக்கும் படை தேவைப்பட்டிருக்கும். டக்ளஸின் வாதமே அதுதான்.

கடல்வழி:

இன்னொரு கேள்வியை எழுப்புகிறேன். இந்தச் சிறுநூல்கள் எதையாவது தீர்மானித்தனவா? 1761 கோடையில் ஹான்ஸ் ஸ்டான்லி பாரிசிலும் புஸ்ஸி லண்டனிலும் நடத்திய பேச்சுவார்த்தையைப் பார்த்தால், பிரெஞ்சு அமைச்சர் சுவாசல் கனடாவை விட்டுக்கொடுக்க அப்போதே ஆயத்தமாக இருந்தார் என்பது தெரிகிறது. பேச்சு சிக்கிய இடங்களுள் முதன்மையானது நியூஃபவுண்ட்லாந்து மீன்பிடிப்பு. அந்தக் கடலில் காட் மீன் பிடிக்கும் படகுகளில்தான் கடற்படைக்கு வேண்டிய மாலுமிகள் பயிற்சி பெற்றார்கள். அதை இழந்தால் பிரான்ஸ் மீண்டும் கடல்வல்லரசாக எழ முடியாது என்று சுவாசல் நினைத்தார், பிட்டும் அதையே நினைத்தார். கனடாவும் வேண்டாம் குவாதலூப்பும் வேண்டாம், காட் மீன் போதும் என்று ஒரு சிறுநூல் வந்திருந்தால் அதுதான் அமைச்சர்களின் மனத்துக்கு மிக அருகில் இருந்திருக்கும்.

பிறகு 1762 பிப்ரவரியில் இன்னொரு பிரெஞ்சுத் தீவான மார்டினிக்கும் விழுந்தது, ஆகஸ்டில் ஸ்பெயினின் ஹவானாவும் விழுந்தது. இனி இரண்டில் ஒன்று என்ற கேள்விக்கே இடமில்லை. கைநிறைய இருந்ததில் எவ்வளவைத் திருப்பித் தந்தால் பிரான்ஸ் கையெழுத்திடும் என்பதே கேள்வி ஆயிற்று. 1763 பிப்ரவரி 10-ஆம் நாள் உடன்படிக்கைப்படி குவாதலூப், மார்டினிக், செயின்ட் லூசியா ஆகியவை பிரான்சுக்குத் திரும்பின. நியூஃபவுண்ட்லாந்தில் மீன்பிடி உரிமையும் செயின்ட் பியர், மிக்கெலோன் என்ற இரு சிறு தீவுகளும் அதற்குக் கிடைத்தன. பிரித்தானியா கனடாவோடு கிரெனடா, டொமினிக்கா, செயின்ட் வின்சென்ட், டொபாகோ ஆகியவற்றையும், ஹவானாவுக்கு ஈடாக ஃபுளோரிடாவையும் பெற்றது. குவாதலூப்பின் சர்க்கரை நிரந்தரமாக உள்ளே வந்தால் பாதுகாக்கப்பட்ட ஆங்கிலச் சந்தையில் விலை சரியும் என்பதால், ஜமைக்கா, பார்படோஸ் தோட்டக்காரர்களில் பலருக்கு இந்த ஏற்பாட்டில் பெரிய வருத்தம் இருந்திருக்க முடியாது.

ஏடகம்:

சிறுநூல்கள் அமைச்சரவையின் கையைப் பிடித்து எழுதவைக்கவில்லை என்பதை மறுக்கவில்லை. ஆனால் வழக்கு நாடாளுமன்றத்துக்கு வந்தபோது பேசியவர்களுக்குச் சொற்களை அவைதாம் தந்திருந்தன. 1762 டிசம்பர் 9-ஆம் நாள், கால் வாதத்தால் நடக்க முடியாத பிட், கால்களில் கம்பளித் துணி சுற்றப்பட்ட நிலையில் அவைக்குத் தூக்கிவரப்பட்டு, மூன்றரை மணிநேரம் சமாதானத்தை எதிர்த்துப் பேசினார். மீன்பிடி உரிமையை விட்டதையும் தீவுகளைத் திருப்பியதையும் கண்டித்தார். வாக்கெடுப்பில் ஆதரவு 319, எதிர்ப்பு 65. அரசுத் தரப்பின் ஹென்றி ஃபாக்ஸ் பதவிகளையும் சலுகைகளையும் காட்டி ஆள் சேர்த்த கதை தனி. அதற்குப் பிறகும் எதிர்ப்பாளர்கள் வாய் மூடவில்லை: பியூட் பிரபுவின் அரசை ஆதரித்து எழுத்தாளர் ஸ்மாலெட் நடத்திய இதழுக்கு எதிராக ஜான் வில்க்ஸ் தொடங்கிய வார இதழின் 45-ஆம் எண், சமாதானத்தைப் புகழ்ந்த அரசவுரையைத் தாக்கி 1763 ஏப்ரலில் வெளிவந்து, அவரைச் சிறைக்கு அனுப்பியது.

நெல்லைவாசகர்:

ஒரு சிறு ஐயம். அதே போரில்தானே 1761 ஜனவரியில் புதுச்சேரியும் ஆங்கிலேயர் வசமானது? அதைப் பற்றி இந்தச் சிறுநூல்காரர்கள் ஏன் இவ்வளவு வழக்காடவில்லை?

சுவடிப்பித்தன்:

அன்று இந்திய விவகாரம் கிழக்கிந்தியக் கம்பெனியின் விவகாரமாகவே கருதப்பட்டது. வங்காளத்தின் ஆட்சியை அரசே ஏற்கலாம் என்று 1759 ஜனவரியிலேயே கிளைவ் பிட்டுக்கு எழுதியும் எதுவும் நடக்கவில்லை. பாரிஸ் உடன்படிக்கையின் 11-ஆம் பிரிவு கம்பெனி இயக்குநர்களைக் கலந்தே வடிக்கப்பட்டது: 1749-இன் தொடக்கத்தில் பிரெஞ்சுக்காரர்களிடம் இருந்த வணிகத்தளங்கள் திரும்பத் தரப்படும், முகமது அலியைக் கர்நாடக நவாபாக இரு தரப்பும் ஏற்கும். கோட்டை தகர்க்கப்பட்ட நிலையில் புதுச்சேரி 1765-இல் அவர்கள் கைக்குத் திரும்பியது. கர்நாடக நவாபின் வாரிசுரிமையை நவாபைக் கேட்காமல் பாரிசில் எழுதிய விசித்திரத்தைக் குறித்துத் தனி இழையே தொடங்கலாம், இங்கே வேண்டாம்.

யாழ்வாசகி:

கேட்காமல் எழுதியது என்றால் அது நவாபோடு நின்றுவிடவில்லை. இந்த வழக்கில் பிரெஞ்சுக் கனடியர் ஓர் எண்ணிக்கை; குவாதலூப்பின் அடிமைகள் சர்க்கரைக் கணக்கின் ஒரு செலவினம். ஓஹாயோ, பேரேரிப் பகுதிப் பூர்வகுடிகள் எல்லாச் சிறுநூல்களிலும் வருகிறார்கள், எல்லைப்புறத்தின் ஆபத்தாக மட்டும். பிரெஞ்சு மன்னர் தங்கள் நிலத்தைத் தாரைவார்க்க யார் என்று அவர்கள் கேட்டார்கள். 1763 மே மாதம் பூர்வகுடித் தலைவர் பான்டியாக் டெட்ராய்ட் கோட்டையை முற்றுகையிட்டபோது, லண்டனில் ஒருவரும் கணக்கில் எடுக்காத தரப்பு ஒன்று பேசத் தொடங்கியது. அவ்வாண்டு அக்டோபர் 7-இல் அப்பலாச்சிய மலைத்தொடருக்கு மேற்கே குடியேறத் தடை விதித்த அரசாணையைப் பாருங்கள்: மேற்கே பரவப்போகும் உழவர்களுக்காகவே கனடா வேண்டும் என்று பிராங்கிளின் வாதாடி மூன்றே ஆண்டுகளில், அந்த மேற்கை அரசே மூடிவிட்டது. குடியேறிகளின் மனக்கசப்புகளுள் அதுவும் ஒன்றானது. மலைநாடனும் சுவடிப்பித்தனும் அச்சமா வரியா என்று வழக்காடும்போது இந்த மூன்றாவது காரணத்தையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

சுவடிப்பித்தன்:

ஏற்கிறேன். இந்த வழக்கின் வாலையும் சொல்லிவிடுகிறேன். 1774-இல் குளஸ்டர் பேராலயத்தின் தலைமைக் குரு ஜோசையா டக்கர், குடியேற்றங்களை நாமே விடுவித்துவிடலாம் என்று எழுதினார். மலிவாகவும் தரமாகவும் நம் சரக்கு இருக்கும்வரை அவர்கள் நம்மிடம்தான் வாங்குவார்கள், ஆட்சிச் செலவு மட்டும் மிச்சமாகும் என்பது அவர் கணக்கு. பிராங்கிளினின் சந்தை வாதத்தை எடுத்து, அதிலிருந்து பேரரசை மட்டும் உருவிவிட்டார் என்று சொல்லலாம். அதற்கு 1775-இல் பதில் எழுதிய ஆங்கில எழுத்தாளர் சாமுவேல் ஜான்சன், ஒரு நகைப்புக்குரிய யோசனைக்கு இன்னொன்றே தக்க பதில் என்று சொல்லி, பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து பறித்ததை அவர்களுக்கே திருப்பிக் கொடுத்துவிடுவோம், பகைவன் பக்கத்தில் வந்ததும் குடியேறிகள் நம் காலடியில் கிடப்பார்கள் என்றார். வில்லியம் பர்க் 1760-இல் முழுமனத்தோடு முன்வைத்தது பதினைந்து ஆண்டுகளில் கேலியாகிவிட்டது.

ஏடகம்:

பிராங்கிளினின் சிறுநூலைப் படிக்க விரும்புவோர்க்கு அவருடைய தொகுக்கப்பட்ட ஆவணங்களில், இணையத்திலேயே, முழுவதும் கிடைக்கிறது. மக்கள்தொகைப் பெருக்கம் குறித்து அவர் 1751-இல் எழுதிய கட்டுரை அதன் பின்னிணைப்பாகச் சேர்க்கப்பட்டது. அதைத் தனியாக எடுத்து மூலத்தோடு ஒப்பிடுங்கள். பென்சில்வேனியாவில் குடியேறிய ஜெர்மானியரைப் பழித்தும், வெள்ளையரின் எண்ணிக்கை பெருக வேண்டும் என்று விரும்பியும் மூலத்தின் முடிவில் எழுதியிருந்த பகுதி 1760 பதிப்பில் நீக்கப்பட்டிருக்கிறது. ஆனால் அந்தப் பழிச்சொல்லை அவருடைய எதிரிகள் மறக்கவில்லை. 1764-இல் பென்சில்வேனியச் சட்டமன்றத் தேர்தலில் அதைத் தோண்டியெடுத்து ஜெர்மானிய வாக்காளர்களிடம் காட்டினார்கள், பிராங்கிளினும் தம் இடத்தை இழந்தார்.